இரண்டாவது மாத்திரை

காளவாசலில் ஒரு மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடை என்னுடையது அல்ல. ஆனாலும் மேற்கே கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை, என்னைத்தான் தேடுவார்கள். நாக்கை நீட்டிக் காட்டுவார்கள், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கேட்பார்கள் என்பதால் ஒரு அலமாரி நிறையக் கால்நடை மருந்தும் வைத்திருந்தோம். கேட்டதை எடுத்து, அட்டையைக் கத்தரித்து, காலை ஒன்று இரவு ஒன்று என்று சொல்லிச் சொல்லி எனக்கே நான் பாதி டாக்டர் என்ற நினைப்பு வந்திருந்தது. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்து வந்தாள், காது போய்விட்டது. வலது காது சுத்தமாக இல்லை. இடது காதில் ஏதோ கிணற்றுக்கடியில் பேசுவது போல் கேட்கும் என்பாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினாள். என் மீசை உதட்டை மறைக்கிறது என்று சொன்னதால் எடுத்துவிட்டேன். அவளுடைய தம்பி செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்ப்பவன். என்னைப் பார்த்ததும், “என்ன மச்சான், மூஞ்சியையே மாத்திட்டீங்க” என்று சிரித்தான். விஷயம் தெரிந்த பிறகு சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு நாய்க்குட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

சிப்பிப்பாறை இனம். பெட்டை. மணல் நிறம், வில்லாக வளைந்த முதுகு, ஒட்டிய வயிறு. வளர்ந்த பிறகும் விலா எலும்பை எண்ணலாம். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் புதிதாக வருகிறவர்கள், “நாய்க்குச் சோறே போடுறதில்லையா?” என்று கேட்பார்கள். அந்த இனத்தின் வாகே அப்படித்தான், உடம்பில் கொழுப்பு என்று ஒன்று இருக்காது என்று நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது என் மனைவிக்குக் காதாக ஆனது. கேட்டில் யாராவது வந்தால் குரைப்பதில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மூக்கால் அவள் முழங்காலை இடிக்கும். குக்கர் விசில் அடித்தால், பால் பொங்கினால், போன் அதிர்ந்தால் வந்து இடிக்கும். நான் கடையில் இருக்கும் பத்து மணி நேரமும் அவள் அந்த மூக்கை நம்பித்தான் வீட்டில் தனியாக இருந்தாள். “ஏத்தா” என்றுதான் கூப்பிடுவாள். வேறு பேர் வைக்கவில்லை.

வெடிச்சத்தம் மட்டும் அதற்கு ஆகாது. முந்தின தீபாவளியன்று காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினோம். மாடக்குளம் கண்மாய்க் கரையில் கருவேலம் புதருக்குள் பாதமெல்லாம் கிழிந்து கிடந்தது. அந்த இரண்டு நாளும் என் மனைவி வாசற்படியை விட்டு நகரவில்லை. உள்ளே போனால் யாராவது வந்து சேதி சொல்வது தனக்குத் தெரியாமல் போய்விடும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தீபாவளிக்கு அப்படி ஆகவிடக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த வீட்டு லேப்ரடாருக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் மயக்க மாத்திரை கொடுப்பார்கள். அது பாட்டுக்கு நாள் முழுக்கத் தூங்கும். அதே மாத்திரை எங்கள் கடை அலமாரியிலும் இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, இத்தனை கிலோ எடைக்கு இவ்வளவு என்ற வரியைப் பார்த்தேன். எங்கள் நாய் இருபது கிலோ. கணக்கு ஒரு மாத்திரைக்கு வந்தது. தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

“டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?” என்றாள் மனைவி.

“இதுக்குப் போய் டாக்டரா? நான் பாக்காத மாத்திரையா?” என்றேன்.

தீபாவளியன்று விடிகாலை ஐந்து மணிக்கு ஈரல் துண்டுக்குள் வைத்து ஒன்றைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் வெடி தொடங்கிவிட்டது. நாய் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. என் மனைவி தரையில் படுத்து, கையை நீட்டி அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வெடிக்கும் ஒவ்வொரு வெடியும் அந்த முதுகு வழியாகத்தான் அவளுக்குத் தெரியும்.

“மருந்து கேக்கலையே” என்றாள்.

“கேக்கும், பொறு.”

ஆறு மணிக்கும் நடுக்கம் நிற்கவில்லை. அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தாள். மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. கடையில் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் குளித்துவிட்டு வந்து, இன்னும் கேக்கலையே என்று மறுபடியும் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. இன்னொரு ஈரல் துண்டு எடுத்தேன். இன்னொரு மாத்திரை. நாய் என் கையிலிருந்து வாங்கித் தின்றது. நான் அவளிடம் சொல்லவில்லை.

ஏழரை மணிக்கு அடுப்படி வாசலில் வந்து விழுந்தது. பின்னங்கால்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு போக, முன்னங்காலால் தரையைப் பிறாண்டி அவளை நோக்கி வந்து அப்படியே சரிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தது. கண் மூடவில்லை. ஆனால் உள்ளிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மறைத்திருந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

“ஏத்தா” என்றாள். “ஏத்தா. ஏத்தா.” தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது.

தெருமுனையில் ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் புதுச் சட்டையோடு நின்றிருந்தார். எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். நாயைப் போர்வையில் சுற்றி எங்கள் இருவர் மடியிலும் படுக்க வைத்துக்கொண்டு, வழக்கமாக ஊசி போடும் டாக்டரிடம் காளவாசலுக்குப் போனோம். ஷட்டர் இறங்கியிருந்தது. விடுமுறை என்று காகிதம் ஒட்டியிருந்தது. அதில் இருந்த நம்பருக்கு அடித்தேன். டாக்டர் சொந்த ஊரில் இருந்தார்.

“என்ன மருந்து கொடுத்தீங்க?”

சொன்னேன்.

“எத்தனை?”

“ஒண்ணு சார்.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் மனைவி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடனே டிரிப் ஏத்தணும். யார் இருந்தாலும் சரி, அங்க கொண்டு போங்க. நேரம் கடத்தாதீங்க” என்று வைத்துவிட்டார்.

இன்னும் இரண்டு இடத்துக்கு போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஆட்டோக்காரத் தம்பிதான், “கோரிப்பாளையம் போவோம்ணே. அங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க, பாய் வீடு. அவுகளுக்கு இன்னிக்கு லீவு இருக்காது” என்றார். அதற்குள் வண்டியைத் திருப்பியிருந்தார்.

ஆரப்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே சரவெடியை நீளமாக விரித்து வைத்திருந்தார்கள். நான்கைந்து பேர் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். இறங்கி ஓடினேன்.

“நாய் சாகக் கெடக்குது, வழி விடுங்கய்யா” என்று கும்பிட்டேன்.

“திரி வச்சாச்சுண்ணே. ரெண்டே நிமிசம்” என்றார் ஒருவர். என்னைப் பின்னால் இழுத்ததும் அவர்தான்.

அந்த இரண்டு நிமிடம் முடியவே முடியாது போல் இருந்தது. புகைக்குள் தடவிக்கொண்டு ஆட்டோவுக்குத் திரும்பினேன். நாய் அசையவில்லை. சாதாரணமாக ஒரு ஊசிப்பட்டாசுக்கே துள்ளி விழும் நாய், பத்தடி தூரத்தில் சரவெடி வெடித்தும் காதைக்கூட ஆட்டவில்லை. என் மனைவி அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “நல்ல வேளை, இதுக்கு ஒண்ணும் தெரியல” என்றாள். அந்தக் காலையில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டின் கீழ்த்தளத்தில் டாக்டரம்மாவின் கிளினிக். மணி அடித்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. போர்வையை விலக்கிப் பார்த்தவர் முதலில் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மேஜையில் கிடத்தச் சொல்லி ஈறைப் பார்த்தார், தொடையின் உள்பக்கம் விரலை வைத்து நாடி பார்த்தார், தெர்மாமீட்டர் வைத்தார்.

“உடம்பு ரொம்பக் குளிர்ந்திருச்சு. பிரஷர் இறங்கிருச்சு” என்றார். “என்ன கொடுத்தீங்க?”

மருந்தின் பேரைச் சொன்னேன். அவர் கை ஒரு நிமிடம் நின்றது.

“இந்த ஜாதி நாய்க்கா? எம்புட்டு?”

“ஒரு மாத்திரை டாக்டர்.”

அவர் நாயின் முன்காலில் முடியைச் சிரைத்து ஊசி ஏற்றினார். டிரிப் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கியிருந்தார். பிளாஸ்டிக் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி நாயின் இரண்டு பக்கமும் அண்டை கொடுக்கச் சொன்னார். மூக்கருகில் ஆக்சிஜன் வைத்தார். இதையெல்லாம் செய்துகொண்டே பேசினார்.

“லேப்ரடார் தாங்குறத இது தாங்காது. இதுக்கு உடம்புல கொழுப்பு கிடையாது. ஈரல் இந்த மாதிரி மருந்த மெதுவாத்தான் வெளியேத்தும். எடையப் பாத்து மட்டும் கணக்குப் போட்டா தப்பாயிரும். நானே கொடுக்கிறதா இருந்தாலும் கால்வாசிக்கு மேல யோசிப்பேன்.” பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். நெற்றி சுருங்கியது. “ஆனா ஒரு மாத்திரைக்கு இம்புட்டு தூரம் போகக் கூடாதே. இதயத்துல ஏற்கனவே கோளாறு இருக்கோ என்னவோ. அப்படின்னா இந்த வேகத்துல தண்ணி ஏத்தக் கூடாது, நுரையீரல்ல சேர்ந்திரும்.”

டிரிப்பின் வேகத்தைக் குறைக்க அவர் கை போனது.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பொய்யால் நாய்க்கு வேண்டிய தண்ணீர் நிற்கப்போகிறது. மனைவி மேஜைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக நின்றாள். நான் டாக்டர் பக்கம் திரும்பி, முதுகை அவளுக்குக் காட்டி நின்றுகொண்டேன்.

“ரெண்டு டாக்டர்” என்றேன். “ஆறு மணிக்கு இன்னொண்ணு கொடுத்தேன்.”

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். டிரிப்பை இருந்த வேகத்திலேயே விட்டுவிட்டார்.

“என்ன சொன்னீக?” பின்னாலிருந்து மனைவி கேட்டாள். “திரும்பிச் சொல்லுங்க. எனக்குத் தெரியல.”

நான் திரும்பவில்லை.

“இங்கிட்டுத் திரும்புங்க.”

திரும்பினேன். அவள் கண் என் உதட்டில் வந்து நின்றது. குரல் வரவில்லை. அவளுக்குக் குரல் தேவையுமில்லை. ரெண்டு மாத்திரை கொடுத்துட்டேன் என்று உதட்டை மட்டும் அசைத்தேன். ஒரு தரம் போதவில்லை. அவள் நம்பாதது போல் பார்த்ததால் விரலையும் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு விரல்.

அவள் டாக்டரிடம் திரும்பி, “இதுக்கு மாத்து மருந்து இருக்கா?” என்று கேட்டாள். டாக்டரம்மா தலையை ஆட்டி இல்லை என்றார். பிறகு மருந்துச் சீட்டுத் தாளை எடுத்து எழுதிக் காட்டினார். உதட்டைப் பார்த்துப் பேசுகிறவள் என்று அதற்குள் புரிந்துகொண்டிருந்தார். மருந்து தானாக இறங்க வேண்டும், அதுவரை பிரஷரும் சூடும் குறையாமல் பார்த்துக்கொள்வோம், சாயந்திரம்தான் எதுவும் சொல்ல முடியும் என்று எழுதியிருந்தது.

அவள் படித்துவிட்டு, “தூங்குதுல்ல? அதுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தலையை ஆட்டியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி எழுதியிருப்பாரோ என்னவோ. எழுதிக் கொடுத்தது இதுதான்: “இந்த மருந்து உடம்பைத்தான் கட்டிப்போடும். பயத்தை எடுக்காது. சத்தம் அதுக்குக் கேட்கும்.”

மூன்று வரி. அவள் அதை நிரம்ப நேரம் படித்தாள். ஆரப்பாளையத்துச் சரவெடி அவளுக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. எனக்கும் வந்தது. பிறகு அவள் ஸ்டூலை மேஜையோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் நாயின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அந்தச் சந்தில் வெடி இல்லை. ஆனால் ஆற்றுக்குத் தெற்கே ஊர் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தது, சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. எது சத்தமான நேரம், எது அமைதியான நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் கையை எடுக்கவே இல்லை.

நான் வெந்நீர் வைத்தேன். பாட்டில் ஆறினால் மாற்றினேன். டாக்டரம்மா அரைமணிக்கு ஒரு தரம் சூடு பார்த்துத் தாளில் எழுதினார். பதினொரு மணிக்குச் சூடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எதுக்கும் மனசத் தயார் பண்ணிக்குங்க. அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் எழுதிக் காட்டட்டுமா?” என்று கேட்டார். வாசலில் போய் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரத் தம்பி இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் போங்க தம்பி, பண்டிகை நாள் என்றேன். “இருக்கட்டும்ணே” என்றார்.

நானே போய்ச் சொன்னேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துவிட்டாள். அவள் பார்க்காவிட்டால் நான் பேசுவது அவளுக்கு இல்லை. ஆறு வருடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம்.

மத்தியானம் டாக்டரம்மா மாடியிலிருந்து சோறு அனுப்பினார். யாரும் தொடவில்லை. அவர் கோபமாகப் பேசியது ஒரே ஒரு தரம்தான். “கடையில ஒருத்தர் வந்து மாத்திரை கேட்டா, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு கேப்பீங்கள்ல?”

“கேப்பேன்.”

“இதுக்கும் கேக்கணும்ல?”

இரண்டு மணிக்கு மேல் சூடு ஏறத் தொடங்கியது. மூன்றரைக்கு ஈறில் லேசாகச் சிவப்பு வந்தது. நாலேகாலுக்கு என் மனைவி, “காது அசையுது” என்றாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவள் உள்ளங்கைக்குள் அசைந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வால் நுனி மேஜையைத் தட்டியது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று அவரும் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பிரஷர் இறங்கியதில் கிட்னி கெட்டிருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் அடிபட்டிருந்தது, ஒரு மாதச் சிகிச்சையில் சரியானது. மூன்றாம் நாள் கடைக்குப் போனதும் அந்த மாத்திரைப் பெட்டியிலிருந்த தாளை எடுத்து முழுக்கப் படித்தேன். மடிப்புக்குக் கீழே, கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது. ஒல்லியான வேட்டை நாய் இனங்களுக்கு அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்று. மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது என்றும் இருந்தது. அந்த மாத்திரையை இனி டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். சரி என்றார். பக்கத்துக் கடையில் இன்னும் கேட்டால் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த நாய் ஒரு மாதம் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. யார் வந்தாலும் எழுந்து போய் இடிக்கவில்லை. அவள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை வீடு முழுக்க நிறைந்திருந்த ஒரு நாள் நான் மத்தியானம் தற்செயலாக வந்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகு அடுப்பு எரியும்வரை அவள் அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள். தை பிறந்துதான் ஒருநாள் கேட்டில் ஆள் வந்தபோது நாய் எழுந்து போய் அவள் முழங்காலைத் தொட்டது. என் கையிலிருந்து மட்டும் அது இன்றுவரை எதையும் வாங்குவதில்லை. தட்டில் வைத்துவிட்டு நான் விலகிப் போனால் தின்னும்.

கோடையில் அதன் பால்மடியில் ஒரு கட்டி வந்தது. அறுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. அறுக்க வேண்டுமென்றால் மறுபடியும் மயக்கம். என் மனைவி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். எந்த ஊசி, இந்த இனத்துக்கு அது ஒத்துக்கொள்ளுமா, எவ்வளவு, சூடு இறங்காமல் என்ன செய்வீர்கள், எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டரம்மா முகத்தைக் காட்டி நிதானமாகப் பதில் சொன்னார். முதலில் ரத்தப் பரிசோதனை, காலையில் மறுபடி எடை, வேறு மருந்து, அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடியில் சூட்டு மெத்தை, எழுந்து நிற்கும்வரை தான் நகரப்போவதில்லை என்று. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அறுத்து முடிந்த இரண்டு மணி நேரத்தில் நாய் தன் காலால் நடந்து வந்தது.

நாங்கள் பேசாமல் இல்லை. அவள் பழையபடி என் உதட்டைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், கறி வாங்கி வரச் சொல்கிறாள். போன வாரம் அவளுக்கு லேசான காய்ச்சல். கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து, தண்ணீரோடு உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவள் எடுக்கவில்லை.

“அட்டையக் காட்டுங்க” என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்குக் கீழே போய், பேர், அளவு, தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னிடம் வந்து, “எத்தனை?” என்று கேட்டுவிட்டு, என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.